சந்தைவெளியில் நின்றவர்

காலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நிற்கும்போது, எதிரேயுள்ள நாற்சந்தி நம் கண்ணில் படும். தோளில் பையும் கையில் தூக்குவாளியுமாக நாற்பது ஐம்பது பேர் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். கொத்தனார், சித்தாள், வர்ணம் பூசுவோர், மண் வெட்டுவோர் எனப் பலரும் அக்கூட்டத்தில் உண்டு. மேஸ்திரி ஒருவர் வண்டியை நிறுத்தினால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வர். இருவர் ஏறிக்கொள்ள, வண்டி புறப்பட்டுவிடும். ஒன்பது மணியைத் தாண்டினால் இனி எவரும் வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எஞ்சியவர்கள் தேநீர்க் கடையில் சற்று நேரம் இருந்துவிட்டு, திறக்கப்படாத தூக்குவாளியோடு வீடு திரும்புவார்கள்.

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை வாசிக்கப்படும் ஞாயிறுகளில் இந்த நாற்சந்தியை நாம் தவறாமல் எடுத்துக்காட்டுவதுண்டு. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறன்றும் அவ்வாறே செய்தோம். மறையுரை நன்றாக அமைந்தது என்று சிலர் பாராட்டவும் செய்தனர். ஆனால், நமக்கு முன்பாக மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் இரண்டு மாதங்களாக அதே சந்தைவெளியில்தான் நின்றுகொண்டிருக்கிறார் என்பது அன்று நமக்குத் தெரியாது. அவர் கையில் தூக்குவாளி இல்லை. மடிக்கணினிப் பை இருந்தது.

நமது பங்கு சென்னையின் தென்புறத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்தது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், வயலும் உப்பளமும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்த இச்சாலையின் இருபுறமும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து கணினிப் பொறியாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். நமது ஆலயத்தின் புதிய மணிக்கூண்டும் பள்ளியின் இரண்டாம் மாடியும் அவர்களது தாராள மனத்தால் எழுந்தவையே. பங்குப் பேரவைக் கூட்டங்களில் அவர்கள் சொல்லுக்கு ஓர் எடை இருந்தது. அவர்களை நன்கொடையாளர்களாகவும் நிர்வாகத் திறமை உடையவர்களாகவும் நாம் அறிந்திருந்தோம். தொழிலாளர்களாக அறிந்திருந்தோமா என்பதுதான் கேள்வி.

நாம் குறிப்பிடும் மனிதரை இங்கே நண்பர் என்றே அழைப்போம். அவரது ஒப்புதலோடும், அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியும் இதனை எழுதுகிறோம்.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில், வார நாள்களில் காலை பத்து மணிக்கு மாதா கெபியின் அருகிலுள்ள கல் இருக்கையில் அவர் அமர்ந்திருப்பதைக் கண்டோம். “என்ன சார், இன்று விடுமுறையா?” என்று கேட்டோம். “ஆமாம் ஃபாதர்” என்று சிரித்தார். அடுத்த வாரமும் அவரைக் கண்டபோது, “வீட்டிலிருந்தே வேலையா?” என்றோம். அதற்கும் ஆமாம் என்றார். மூன்றாம் முறை கண்டபோது நாம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் நாகரிகம் என்று அன்று எண்ணினோம். உண்மையில், கேட்டால் ஒரு சுமை நம் தோளுக்கு மாறிவிடும் என்ற அச்சமே காரணம்.

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், அவராகவே பங்கு இல்லத்திற்கு வந்தார். அன்று பேசத் தொடங்கியவர் இரவு பத்தரை மணிக்குத்தான் எழுந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பொறியியல் பட்டம் பெற்று 1990-களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகின் பழைய கணினி நிரல்கள் தேதியைத் தவறாகப் புரிந்துகொள்ளும் என்ற அச்சம் எழுந்ததே, அக்காலத்தில் அமெரிக்க வங்கி ஒன்றின் கோபால் நிரல்களை இரவு பகலாகத் திருத்திய இளைஞர்களுள் அவரும் ஒருவர். பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து, இருநூறு பொறியாளர்களுக்குத் தலைமை ஏற்றார். 2023-ஆம் ஆண்டு ஜூலையில், காணொலி அழைப்பு ஒன்றில் பத்து நிமிடங்களில் அவரது பணி முடித்து வைக்கப்பட்டது. மதிய உணவுக்குள் கணினியின் கடவுச்சொல் செல்லாததாகிவிட்டது.

“வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் ஃபாதர். வேலை தேடுவதைத்தான் தாங்க முடியவில்லை” என்றார்.

நமக்கு இது முதலில் விளங்கவில்லை. இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரை ஓடி வந்து அழைத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். மென்பொருள் சேவை நிறுவனம் என்பது கோபுரம் போன்றது. அடித்தளத்தில் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள் பெருந்தொகையினர்; மேலே செல்லச் செல்ல இருக்கைகள் குறைவு. வெளிநாட்டு வாடிக்கையாளர் பெரும்பாலும் பொறியாளரின் உழைப்பு நேரத்தைக் கணக்கிட்டே பணம் தருகிறார். மேற்பார்வையிடுவோரின் ஊதியமோ நிறுவனத்தின் செலவுக் கணக்கில் ஏறுகிறது. வருமானம் குறையும் காலத்தில் கத்தரிக்கோல் முதலில் தேடுவது அந்தச் செலவைத்தான். 2022-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், நிரல் எழுதும் வேலையையே இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் உழைத்து ஏறிய படிகள்தாம் இன்று தம்மை இறங்கவிடாமல் செய்கின்றன என்றார் நண்பர்.

கீழ்நிலைப் பதவிக்கு விண்ணப்பித்தால் தகுதி மிகுதி என்கிறார்கள். குறைந்த ஊதியத்திற்கும் வரத் தயார் என்று சொன்னால், நல்ல வாய்ப்பு வந்ததும் போய்விடுவார் என்று ஐயுறுகிறார்கள். மேல்நிலைப் பதவிகள் பெரும்பாலும் விளம்பரத்திற்கே வருவதில்லை. தெரிந்தவர் மூலமாகத் தெரிந்தவருக்குப் போகின்றன. ஓரிடத்தில் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், திரையில் ஒரு சிறு கணக்கைக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் நிரல் எழுதிக் காட்டச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைச் சரிபார்த்து வழிகாட்டியவருக்கு விரல் ஓடவில்லை. மற்றோர் இடத்தில் இரண்டு மாதங்களில் ஆறு சுற்று நேர்காணல். ஆறாம் சுற்றில் நிறுவனத்தின் தலைவரே பேசி, “விரைவில் சந்திப்போம்” என்றார். நண்பர் அன்று மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். மூன்று வாரங்களுக்குப் பின், அந்தப் பதவியே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்ற செய்தி வந்தது.

“அந்தச் செய்தியாவது வந்ததே ஃபாதர்!” என்றார் நண்பர்.

வேலை தேடுவதன் வேதனை மறுக்கப்படுவதில் இல்லை, பதிலே வராமல் போவதில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். நிறுவனத்தின் இணையதளத்தில் தன்விவரக் குறிப்பை ஏற்ற வேண்டும். ஏற்றிய பின், அதிலுள்ளவற்றையே மீண்டும் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அதனைப் பெரும்பாலும் முதலில் படிப்பது மனிதர் அல்லர். குறிப்பிட்ட சொற்கள் உள்ளனவா, அனுபவ ஆண்டுகள் வரம்புக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள். சில வேளைகளில் நள்ளிரவு கடந்து ஒரு மின்னஞ்சல் வரும்: வருந்துகிறோம் என்று. யார் வருந்துகிறார் என்பது அதில் இராது. திரும்ப எழுதவும் முடியாது; மறுமொழி ஏற்காத முகவரி அது. பல வேளைகளில் அதுவும் வருவதில்லை.

இவ்விடத்தில் நண்பர் சற்று நிறுத்தினார். பிறகு, “இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவில் அந்த மென்பொருளை அமைக்க ஒப்புதல் தந்தவனே நான்தான். எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களை மட்டும் காட்டினால் போதும் என்று சொன்னவனும் நான்தான். ஒரு விளம்பரத்திற்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. வேறு வழி தெரியவில்லை. வேலிக்கு அப்பால் யார் நின்றார்கள் என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை” என்றார்.

தம்மைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஒருவருக்கு முன்னால் ஆறுதல் மொழிகள் எளிதில் வருவதில்லை. ஆயினும் நாம் குருவானவர் அல்லவா? வந்தன. இறைவன் ஒரு கதவை அடைத்தால் வேறொன்றைத் திறப்பார் என்றோம். புனித யோசேப்பிடம் நவநாள் செபிக்கச் சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பின்னர்த் தம் வீட்டைப் பற்றிச் சொன்னார். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிட்டது. தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டுக் கடனின் மாதத் தவணை ஒரு மாதமும் நிற்பதில்லை. மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தந்தை என்ன செய்கிறார் என்று கேட்பார்களே என்று அதனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். லிங்க்ட்இன் தளத்தில், வேலைக்குத் தயார் என்று காட்டும் பச்சை வளையம் ஒன்றைப் படத்தைச் சுற்றி இட்டுக்கொள்ளலாம். பல நாள் தயங்கி அதனை இட்டார். ஒரு மணி நேரத்திற்குள் ஊரிலிருந்து சித்தப்பா அழைத்து, “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டார். இரண்டாம் நாள் அதனை எடுத்துவிட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் ஐயுறக் கூடாது என்பதற்காகவே காலையில் கணினிப் பையோடு வெளியேறிக் கெபிக்கு வந்திருக்கிறார்.

நாற்சந்தியில் நிற்கும் கொத்தனாருக்கு ஒன்பது மணிக்கு விடை தெரிந்துவிடுகிறது. அவர் வேலைக்காக நிற்பதை ஊரே அறியும். அதில் அவருக்கு நாணமும் இல்லை. நம் நண்பருக்கோ ஒன்பது மணியே அடிப்பதில்லை. நிற்பதையும் மறைத்தே நிற்க வேண்டும்.

பேச்சின் இடையில், தம் தேடலின் கணக்கைக் காட்டுவதற்காக மடிக்கணினியைத் திறந்தார். பல ஆண்டுகள் திட்டங்களை நடத்தியவர் அல்லவா? ஓர் அட்டவணை வைத்திருந்தார். நாள், நிறுவனம், பதவி, யார் மூலம், பதில் என ஐந்து பத்திகள். மொத்தம் 163 வரிகள். அவற்றுள் 38-இல் இயந்திரம் அனுப்பிய வருத்தம். 14-இல் நேர்காணல் வரை சென்ற குறிப்பு. மற்ற 111 வரிகளிலும் பதில் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர் திரையை நகர்த்திக்கொண்டே வந்தார். ஜனவரி மாத வரிகளில் நம் கண் ஓரிடத்தில் நின்றது.

அந்த வரியில் நமது பள்ளியின் பெயர் இருந்தது. பதவி: கணினி ஆசிரியர். பதில் என்ற கட்டம் காலி.

அவர் அவ்வரியைச் சுட்டிக்காட்டவில்லை. அதே வேகத்தில் திரையை நகர்த்திக்கொண்டு போனார்.

நமக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பள்ளியின் தாளாளர் என்ற முறையில் டிசம்பரில் நாம்தான் அறிவிப்புப் பலகையில் அந்த விளம்பரத்தை ஒட்டச் செய்தோம். ஒன்பது விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று, காக்கிநிற உறையில் நண்பருடையது. அதனைப் பிரித்தபோது முதலில் வியந்தோம். பின்பு, இவர் வாங்கிய ஊதியம் என்ன, நாம் கொடுக்கப்போவது என்ன என்று எண்ணினோம். மூன்று மாதத்தில் போய்விடுவார் என்று எண்ணினோம். இவ்வளவு பெரியவரிடம் இந்த ஊதியத்தைச் சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்றும் எண்ணினோம். ஆகவே உறையை மேசையின் இடப்புறத்தில், கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தோம். வேறொருவரை நியமித்தோம். மற்ற எட்டுப் பேருக்கும் நாம் எழுதவில்லை. ஞாயிறுதோறும் அவருக்கு நற்கருணை வழங்கினோம். “கிறிஸ்துவின் உடல்” என்றோம், அவர் “ஆமென்” என்றார். உறை குண்டின் அடியிலேயே இருந்தது.

பெருநிறுவனங்களுக்கு ஆயிரம் விண்ணப்பங்கள் வருகின்றன என்ற காரணமாவது உண்டு. நமக்கு வந்தவை ஒன்பது.

அன்றிரவு அவர் சென்ற பின்னர் உறக்கம் வரவில்லை. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். குருமடத்தில் இவ்வுவமையை நமக்குக் கற்பித்த பேராசிரியர், இறைவனின் தாராள அருளே இதன் மையம் என்றார். முந்தியவர் பிந்தியவர் பற்றியும், யூதர் பிற இனத்தார் பற்றியும் விரிவாக விளக்கினார். அவை எல்லாம் உண்மையே. ஆனால், தோட்ட உரிமையாளர் ஐந்து முறை சந்தைக்குப் போகிறார் என்பதை நாம் ஒருமுறையும் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. விடியலில் ஒருமுறை; ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, இறுதியாக ஐந்து மணிக்கு. அவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு; மாலையில் கூலி கொடுக்கும்போது அவர் வருகிறார். அவரை அனுப்பியிருக்கலாமே! அனுப்பவில்லை. ஆள் தேட உரிமையாளரே போகிறார்.

ஐந்து மணிக்கு நின்றவர்களிடம், நாள் முழுதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். “இன்று விடுமுறையா?” என்று நாம் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அவர் கேட்டுவிட்டு நின்றார். தங்களை யாரும் அமர்த்திக்கொள்ளவில்லை என்ற விடையை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நின்றார். நாமோ கேட்டுவிட்டு, சிரிப்பை விடையாக ஏற்றுக்கொண்டு நடந்துவிட்டோம். அவர்களது தகுதி என்ன, இதற்கு முன் யாரிடம் வேலை செய்தார்கள், வயது என்ன என்று அவர் கேட்கவில்லை. விண்ணரசின் உவமை இது. ஊர்ப் பண்ணைகளும் நிறுவனங்களும் இவ்வாறே நடக்க வேண்டும் என்று சட்டம் எழுத முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் நின்றவரைக் கண்டு, கேட்டு, அவருக்கு ஒரு விடை சொல்வது விண்ணரசிற்காகக் காத்திருக்க வேண்டிய செயல் அன்று.

திருச்சபை உழைப்பைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாகப் பேசி வருகிறது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் ஆலைத் தொழிலாளரின் நியாயமான ஊதியத்தைப் பற்றி எழுதினார். அதன் தொண்ணூறாம் ஆண்டில், 1981 செப்டம்பர் 14 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றியே தனியொரு மடல் வெளியிட்டார். உடலுழைப்பாயினும் அறிவுழைப்பாயினும் அது உழைப்பே. உழைப்பின் மதிப்பு செய்யப்படும் வேலையின் உயர்வு தாழ்வில் இல்லை, செய்பவர் மனிதர் என்பதில் உள்ளது. வேலையின்மை எல்லா நிலையிலும் ஒரு தீமை என்பன அதன் போதனைகள். 2025-ஆம் ஆண்டு மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, அப்பெயரைத் தேர்ந்ததற்கான காரணத்தை, தேர்வு பெற்ற இரண்டாம் நாளில் கர்தினால்களிடம் கூறியபோது, செயற்கை நுண்ணறிவு மனித மாண்பிற்கும் நீதிக்கும் உழைப்பிற்கும் எழுப்பும் புதிய சவால்களைக் குறிப்பிட்டார். பதின்மூன்றாம் சிங்கராயரும் பதினான்காம் லியோவும் தாங்கிய பெயர் ஒன்றே.

இவற்றையெல்லாம் நாம் படித்திருந்தோம். மே முதல் நாளில், 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய தொழிலாளரான புனித யோசேப்பு விழாவில், இவற்றை மேற்கோள் காட்டிப் பேசியுமிருந்தோம். அப்போதெல்லாம் நம் மனத்தில் தோன்றிய தொழிலாளர் கையில் சுத்தியல் ஏந்தியவர். இருநூறு பேருக்குத் தலைவராயிருந்து வேலையிழந்தவர் தோன்றியதில்லை. நாட்டின் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்போரை 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் தொழிலாளர் என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. அதன் இடத்திற்கு வந்த 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே வைத்திருக்கிறது. அதிகாரம் இருந்த நாளில் அவருக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்படவில்லை என்பது உண்மை. அதிகாரம் பறிபோன மறுநாள் அவர் யார்? சட்டத்திற்கு அவர் தொழிலாளர் அல்லர். நிறுவனத்திற்கு அவர் தலைவரும் அல்லர். “யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வேன் ஃபாதர். இப்போது வாக்கியத்தை எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை” என்று அவர் சொன்னதன் பொருள் இதுவே.

வேறொன்றும் அந்த இரவில் நமக்குப் புலப்பட்டது. நம் வாழ்நாளில் நாம் வேலை தேடியதே இல்லை. ஆயரின் மாற்றல் கடிதம் வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பங்கிற்குப் போவோம். அங்கே மக்கள் மாலையோடு காத்திருப்பார்கள். திறமை குறைந்தாலும் முதுமை வந்தாலும் உணவும் உறைவிடமும் தவறுவதில்லை. நாம் எழுதிய ஒரே விண்ணப்பம், பதினாறாம் வயதில் சிறிய குருமடத்தில் சேர்வதற்காக எழுதியது. பதினைந்து நாள்களில் அதிபரிடமிருந்து அஞ்சலட்டையில் மூன்று வரி வந்தது. அம்மா அதனைச் செபப் புத்தகத்தில் வைத்திருந்தார். அந்தப் பதினைந்து நாள்களில் அஞ்சல்காரரின் மிதிவண்டி மணியை எத்தனை முறை உற்றுக் கேட்டிருப்போம்! அந்த நினைவு இருந்தும் காக்கி உறையைக் குண்டின் அடியில் வைத்தது எப்படி?

மறுநாள் காலை கடிதம் எழுத அமர்ந்தோம். எழுதுவது எளிதாயில்லை. பள்ளியின் விதிப்படி அப்பதவிக்குப் பி.எட். பட்டம் வேண்டும், அது உங்களிடம் இல்லை என்பதை முதலில் எழுதினோம். ஊதியத்தின் அளவையும் மறைக்காமல் எழுதினோம். மூன்றாவதாக உண்மைக் காரணத்தை எழுதினோம்: உங்கள் பழைய பதவியைக் கண்டு தயங்கினோம், உங்களைக் கேளாமலே உங்களுக்காக முடிவெடுத்தோம், மூன்று மாதம் விடை சொல்லாதிருந்தது பிழை, மன்னியுங்கள். கையெழுத்திட்டு, உறையிலிட்டு, அன்பியக் கூட்டத்திற்குச் செல்லும் வழியில் நாமே அவரது வீட்டில் கொடுத்தோம். பிற ஏழு பேருக்கும் அந்த வாரமே எழுதினோம். அவர்களுள் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்து, “தேர்வாகவில்லை என்று சொன்னதற்கு நன்றி ஃபாதர், நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

நண்பர் கடிதத்தை வாசலில் நின்றபடியே இருமுறை படித்தார். “எட்டு மாதத்தில் மனிதர் கையெழுத்திட்ட முதல் பதில் இது” என்றார். நாம் மறுத்து எழுதிய கடிதத்திற்கு அவர் நன்றி சொன்னது நம்மை மேலும் தலைகுனியச் செய்தது.

அதன்பின் எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத இயலவில்லை. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் சிறு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தப் பணி கிடைத்தது; ஊதியம் முன்னையதில் பாதிக்கும் குறைவு. ஒப்பந்தம் முடிந்ததும் மீண்டும் சந்தைவெளிக்கே வந்தார். அவரது அட்டவணை இப்போது 200 வரிகளைத் தாண்டிவிட்டது. ஆனால் கணினிப் பையோடு கெபியில் ஒளிந்திருப்பதில்லை. வேலை தேடுகிறேன் என்று அன்பியக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்ன பிறகு, அதே அன்பியத்தில் மேலும் மூவர் தாங்களும் அந்நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் பதினெட்டு மாதங்களாக! அந்நால்வரும் இப்போது சனிக்கிழமைகளில் பள்ளியின் நூலகத்தில் கூடுகிறார்கள். ஒருவர் மற்றவரின் தன்விவரக் குறிப்பைத் திருத்துகிறார், நேர்காணலுக்குப் பழக்குகிறார், இருபத்தேழு வயதினர் கேட்கும் கணக்குகளைச் சேர்ந்து போட்டுப் பார்க்கிறார்கள்.

ஒப்பந்தப் பணியில் இருந்தபோது, இரண்டு இளம் பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நண்பருக்கு வந்தது. இருபத்தெட்டுப் பேர் விண்ணப்பித்தனர். வாய்ப்புப் பெறாத இருபத்தாறு பேருக்கும், ஒவ்வொருவருக்கும் என்ன காரணம் என்று குறிப்பிட்டுத் தாமே எழுதினார். மூன்று இரவுகள் பிடித்தன என்றார்.

நம் வாசகருள் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்போர் பலர் உண்டு. கம்பெனிகளின் மேலாளர்கள், மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்தும் அருட்சகோதரிகள், கடை வைத்திருப்போர், தாளாளர்களாகிய நம் சகோதரக் குருக்கள் என்று எல்லாரும் நிலவுடைமையாளரின் இடத்தில் ஏதோ ஒரு மணி நேரம் நிற்பவர்களே. எல்லாருக்கும் வேலை கொடுக்க நம்மால் இயலாது. அதனை எவரும் நம்மிடம் எதிர்பார்க்கவும் இல்லை. இல்லை என்ற சொல்லைக் காலத்தோடு, பெயர் சொல்லி, கையெழுத்திட்டுச் சொல்ல நம்மால் இயலும். நம் மேசையின் கண்ணாடிக் குண்டை இன்று தூக்கிப் பார்ப்போம்.

அண்மையில் நண்பர் தம் அட்டவணையை மீண்டும் ஒருமுறை காட்டினார். 2024 ஜனவரியின் அந்த வரியை நாமே தேடிப் பார்த்தோம். பதில் என்ற கட்டத்தில் நாம் கடிதம் கொடுத்த நாளையும், அதன் பக்கத்தில் ‘இல்லை’ என்ற சொல்லையும் எழுதியிருந்தார்.